இரண்டு வகைக் குள்ள சிக்லிட், ஒரே மீன்தொட்டி: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

நேற்று வரை நன்றாக இருந்த மீன் இன்று காலை ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறது. நிறம் மங்கிவிட்டது, வாலில் ஒரு கிழிசல். உடனே கை மருந்துப் புட்டியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். குள்ள சிக்லிட் என்னும் சிறிய மீன்களில் அபிஸ்டோவும் (அபிஸ்டோகிராமா) ராமும், அல்லது இரண்டு வகை அபிஸ்டோவும் சேர்ந்து வாழும் தொட்டியில் முதல் சந்தேகம் நோயின் மேல் வரக்கூடாது, பக்கத்து வீட்டு மீனின் மேல் வர வேண்டும். அறிகுறி ஒரு மீனிடம் தெரியும், காரணம் இன்னொரு மீனிடம் இருக்கும். அந்த இன்னொரு மீன் பெரும்பாலும் தொட்டியிலேயே மிக அழகாக, மிக ஆரோக்கியமாகத் தெரியும் மீனாக இருக்கும். அதனால்தான் அது நம் கண்ணில் மாட்டுவதில்லை.

குள்ள சிக்லிட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது இரண்டாம் கேள்வி. எவ்வளவு தரை என்பதுதான் முதல் கேள்வி. அவை வாழ்வது தரையிலும் அதற்கு மேலே ஒரு சாண் உயரத்திலும்தான். முட்டையிட்ட பெண் அபிஸ்டோ தன் குகையைச் சுற்றி ஏறக்குறைய 30 செ.மீ. அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் யாரையும் விடாது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் அப்படி இரண்டு வட்டம் வரைந்தால் தரை தீர்ந்துபோகும். ஆண் மீன் நிற்கக்கூட இடம் இருக்காது. எனவே 60 செ.மீ. தொட்டி ஒரே ஒரு வகைக்குத்தான். இரண்டு வகை வேண்டுமென்றால் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்பதிலிருந்து யோசிக்கலாம். 120 செ.மீ. இருந்தால் நிம்மதி. உயரமான தொட்டி வாங்கி இந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது.

கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னும் இரண்டு வேலை செய்யுங்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்குக்குள்) இருந்தால் நல்லது. வெப்பநிலையைத் தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள், ஹீட்டரின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அடுத்து, தொட்டியிலிருந்து ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பாருங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போனால் எல்லா மீனும் சண்டையை விட்டுவிட்டு உணவுக்காக முன்னால் வந்துவிடும். அப்போது எதுவும் தெரியாது.

அறிகுறி: ஒரு மீன் மேல் மூலையிலோ ஃபில்டருக்குப் பின்னாலோ ஒடுங்கி நிற்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். குள்ள சிக்லிட் தரையில் இருக்க வேண்டிய மீன். அது தண்ணீரின் மேல்மட்டத்தில், ஒரு மூலையில், துடுப்பைச் சுருக்கிக்கொண்டு நின்றால் தரையிலிருந்து துரத்தப்பட்டிருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயா, துரத்தலா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. உறைந்த ரத்தப்புழுவிலோ ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலிலோ ஒரு துளி எடுத்து, நீண்ட குழாய் வழியாக அந்த மீனின் முகத்துக்கு நேரே விடுங்கள். ஆவலோடு கவ்வி விழுங்கினால் அதற்குப் பசி இருக்கிறது, உணவு இருக்கும் இடத்துக்கு வரத்தான் பயம். வாயில் வாங்கித் துப்பினாலோ திரும்பிப் பார்க்காமல் நின்றாலோ கீழே வரும் நோய் அறிகுறிகளுக்குப் போகலாம். துரத்தப்பட்ட மீனின் துடுப்பில் கிழிசல் கூர்மையாக, சுத்தமாக இருக்கும். வெள்ளை ஓரமும் பஞ்சும் இருந்தால் கிழிந்த இடத்தில் கிருமி ஏறிவிட்டது என்று பொருள்.

துரத்துவது யார் என்பது அடுத்த கேள்வி. பெரிய ஆண் மீனைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். நான் பார்த்த வரையில் பாதி நேரம் குற்றவாளி நாலு செ.மீ. நீளமுள்ள பெண் அபிஸ்டோதான். ஆண் மீன் துடுப்பை விரித்து ஊர்வலம் போகும். பெண் மீன் சத்தமில்லாமல் போய்க் கடித்துவிட்டுத் திரும்பும்.

இப்போது தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியோரம் உட்கார்ந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து மறுபக்கக் கண்ணாடி தெரிகிறதா? தெரிந்தால் கோளாறு அங்கேதான். ஒரு மீனால் தொட்டி முழுவதையும் பார்க்க முடிந்தால் தொட்டி முழுவதும் அதனுடைய எல்லைதான். செடி வைத்த தொட்டிகளில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது. அழகுக்காக உயரச் செடிகள் எல்லாவற்றையும் பின்வரிசையில் நட்டு, முன்பக்கத்தைப் புல்வெளிபோல் திறந்து விடுகிறோம். பார்க்க அருமையாக இருக்கும், மீனுக்கோ அது மறைவே இல்லாத மைதானம். ஆகவே செடியைக் குறுக்காகவும் நடுங்கள். பின்கண்ணாடியிலிருந்து முன்கண்ணாடி வரை வரும்படி ஒரு வேர்க்கட்டை, அதன்மேல் கட்டிய அனுபியாஸ் அல்லது ஜாவா ஃபெர்ன், அடியில் அடர்த்தியாகக் கிரிப்டோகோரைன். இப்படி ஒரு வேலி 90 செ.மீ. தொட்டிக்கு ஒன்றாவது வேண்டும், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. மேலே மிதக்கும் சால்வினியாவோ ஃப்ராக்பிட்டோ வெளிச்சத்தைக் குறைத்தால் சண்டையும் குறையும்.

இன்னொன்று: சண்டை தொடங்கிய நாளையும் நீங்கள் செடியை வெட்டிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டுச்செடிகளைப் பாதிக்கு வெட்டிய மறுநாள் காலையில் என் தொட்டியில் மூன்று முறை இந்தக் கலவரம் நடந்திருக்கிறது. வேலியைப் பிடுங்கியது நான்தான் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. அப்புறம் எப்போதும் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, அது வளர்ந்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்கிறேன்.

மீனுக்கு உடனே செய்ய வேண்டியது: அடிபட்ட மீனை வேறு தொட்டிக்கோ துளையிட்ட தடுப்புக்கு அப்பாலோ மாற்றுங்கள். கட்டைகளையும் குகைகளையும் இடம் மாற்றி வையுங்கள். துரத்திய மீனையும் ஒரு வாரம் வெளியே எடுத்து வைக்க முடிந்தால் வையுங்கள். திரும்ப விடும்போது அடிபட்ட மீன் முதலில், துரத்திய மீன் கடைசியில். வரிசை மாறினால் பழைய கதையே தொடரும்.

அறிகுறி: பெண் மீன் திடீரென்று பளிச்சென்ற மஞ்சளாகிக் கண்டதையெல்லாம் விரட்டுகிறது

இது நோயல்ல. பெண் அபிஸ்டோ முட்டையிட்டுவிட்டது. மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகளோ புள்ளிகளோ தெளிவாகத் தெரியும். குகைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க ஆசை வரும், வேண்டாம்.

சுமார் 27 டிகிரியில் முட்டை பொரிய இரண்டு மூன்று நாள், குஞ்சுகள் நீந்தத் தொடங்க மேலும் ஐந்தாறு நாள் ஆகும். குஞ்சு நீந்திய பிறகு அம்மாவின் வட்டம் பெரிதாகும், ஏனென்றால் கூட்டம் மேய்வதற்கு இடம் வேண்டும். ஆகவே முட்டையிட்ட அன்று அமைதியாக இருந்த தொட்டி பத்தாம் நாள் போர்க்களமாவது இயல்புதான். அந்தப் பத்தாம் நாளுக்கு முன்னேற்பாடு செய்யாததுதான் நம் பிழை.

பெண் மீன் தன் இணையையே அடித்து விரட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், காகடுவாய்டெஸ் என்ற அபிஸ்டோ வகையின் பெண் இதைத் தவறாமல் செய்யும். ஆணுக்கு ஒதுங்க இடம் இருந்தால் எல்லைக்கு வெளியே நின்று காவல் காக்கும். இடம் இல்லாவிட்டால் ஆணை வெளியே எடுத்துவிடுங்கள். நன்னகாரா அனோமாலா என்ற இன்னொரு குள்ள சிக்லிட்டை வளர்ப்பவர்கள் இதில் தாமதிக்கவே கூடாது. சிறிய தொட்டியில் அந்தப் பெண் மீன் தன்னைவிடப் பெரிய ஆணைக் கொன்றேவிடும்.

கலப்புத் தொட்டியில் அடி வாங்குவது பெரும்பாலும் இணை அல்ல, அடுத்த வகை மீன். அதற்கு இந்த மஞ்சள் நிறத்தின் எச்சரிக்கை சரியாகப் புரிவதில்லை. விலகிப் போகாமல் அங்கேயே நின்று அடி வாங்கும். தரையில் மேயும் சிறு கெளுத்தியான கோரிடோராஸ் அதைவிட மோசம். கவசம் இருக்கிற தைரியத்தில் குகைக்குள்ளேயே மேயப் போகும், கண்ணில் கடிபடும். முட்டையிடும் அபிஸ்டோவோடு கோரிடோராஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேல்மட்டத்தில் நீந்தும் பென்சில் மீன் கூட்டமும் ஹேட்செட் மீன் கூட்டமும் போதும். அவை மேலே அமைதியாக உலாவினால் கீழே இருக்கும் சிக்லிட்டுக்கும் ஆபத்து இல்லை என்ற தைரியம் வரும்.

அறிகுறி: இரண்டு ஆண்கள் துடுப்பை விரித்து நேருக்கு நேர் நிற்கின்றன

பக்கவாட்டில் நின்று வாலால் தண்ணீரைத் தள்ளிக்கொள்வது, வாயை அகலத் திறந்து காட்டுவது, நிறத்தை ஏற்றிக்காட்டுவது எல்லாம் பேச்சுவார்த்தைதான். ஒன்று நிறத்தை இறக்கிக்கொண்டு விலகினால் பேச்சு முடிந்தது. அதைத் தடுக்காதீர்கள். வாயோடு வாய் கவ்விச் சில நிமிடம் இழுபறி நடந்தால்கூடச் சில நேரம் அதோடு தீர்ந்துவிடும். ஆனால் ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கவ்விக்கொண்டாலும், தோற்ற மீன் ஓடிய பிறகும் வென்ற மீன் தேடிப்போய் அடித்தாலும் பிரித்துவிடுங்கள்.

இப்படி முடியாத சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஜோடி சேர்த்ததிலேயே இருக்கும். இரண்டு வகைக்கும் ஒரே இடம், ஒரே மாதிரி குகை, ஒரே மாதிரி உணவு தேவைப்பட்டால் எந்தக் கட்டையை எப்படி நகர்த்தினாலும் ஓயாது. கிரிபென்சிஸ் (சுருக்கமாகக் கிரிப்) என்ற ஆப்பிரிக்கக் குள்ள சிக்லிட்டையும் அபிஸ்டோவையும் சேர்ப்பது இதற்கு நல்ல உதாரணம். இரண்டும் குகையில் முட்டையிடும். ஆண் கிரிப் 10 செ.மீ. வரை வளரும், கணவனும் மனைவியும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். எதிரே நிற்கும் பெண் அபிஸ்டோ தனி ஆள். 120 செ.மீ. தொட்டியிலும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பொருந்தி வருவது குகையில் முட்டையிடும் ஒரு வகையும் திறந்த வெளியில் முட்டையிடும் ஒரு வகையும். அபிஸ்டோவுக்குக் கொட்டாங்கச்சிக் குகையும் இலைச்சருகும் கொடுத்து ஒரு பக்கம். பொலிவியன் ராமுக்குத் தட்டையான கல்லும் திறந்த மணலும் கொடுத்து மறுபக்கம். பொலிவியன் ராம் 8 செ.மீ. அளவுக்கு வளர்ந்தாலும் குணத்தில் நிதானமானது, அபிஸ்டோவின் மிரட்டலுக்கு எளிதில் கலங்காது. நீல ராம் அழகு, ஆனால் அது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும், கீழே சொல்கிறேன்.

குகைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு குகையாவது வேண்டும். வாசல் பெண் மீன் நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும், பெரிய ஆண் உள்ளே புக முடியாதபடி. வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது.

அறிகுறி: குஞ்சுகள் இருக்கின்றன, எந்த வகை என்று தெரியவில்லை

இரண்டு வகை அபிஸ்டோவைச் சேர்த்து வளர்ப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும் சந்தேகம். ஆண்களை நிறத்தால் பிரிக்கலாம், பெண்கள் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். நெருங்கிய உறவுள்ள வகைகள், உதாரணமாக மக்மாஸ்டெரி, வியெஹிட்டா, ஹோங்ஸ்லோய், ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடியவை. கலப்புக் குஞ்சுகளை நல்ல வகை என்று பெயர் சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தவை நாலு கை மாறிய பிறகு எந்த மீன் எதுவென்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது. இரண்டு அபிஸ்டோதான் வேண்டும் என்றால் உறவில் தூரமானவற்றை எடுங்கள், பெண்களின் கோடுகளையும் வால் வடிவத்தையும் வாங்கும்போதே படமெடுத்து வையுங்கள்.

அறிகுறி: ஒரு வகை கொழுகொழுவென்று, இன்னொரு வகை மங்கி மெலிந்து

சண்டை இல்லை, கிழிசல் இல்லை, தண்ணீர்ச் சோதனையும் சரி. அப்படியென்றால் வெப்பநிலையைப் பாருங்கள். நீல ராம் கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளின் ஒரினோகோ சமவெளியைச் சேர்ந்தது, 27 முதல் 30 டிகிரி வரை கேட்கும். 24 டிகிரியில் வைத்தால் சாகாமல் சாகும்: முதலில் நிறம் போகும், பிறகு பசி போகும், பிறகு ஏதாவது ஒரு கிருமி வந்து முடித்துவைக்கும். பொரெல்லி அபிஸ்டோ தெற்கே பராகுவே, அர்ஜென்டினா பக்கத்து மீன். 22 டிகிரியிலும் சந்தோஷமாக இருக்கும், 29 டிகிரியில் அதன் ஆயுள் சுருங்கும். இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்து 26 என்று நடுவில் நிறுத்துவது நியாயம்போலத் தெரியும், உண்மையில் இரண்டுக்கும் அநியாயம். இதற்கு ஒரே தீர்வு பிரிப்பதுதான். பொரெல்லியோடு பொலிவியன் ராம், நீல ராமோடு சூடு தாங்கும் அகாசிஸி அபிஸ்டோ என்று மாற்றி யோசிக்கலாம். 28 டிகிரிக்கு மேல் எல்லாச் செடியும் தாங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். அனுபியாஸ், பல கிரிப்டோகோரைன்கள், அமேசான் ஸ்வார்ட் தாங்கும்.

வெப்பநிலை குஞ்சுகளிலும் கை வைக்கும். ரோமரும் பைசென்ஹெர்ட்ஸும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான அபிஸ்டோ வகைகளில் சூடு கூடக்கூட ஆண் குஞ்சுகள் அதிகமாவதைக் காட்டினார்கள். உங்கள் குஞ்சுகள் எல்லாமே ஆணாக வளர்ந்து தொட்டி முழுக்கச் சண்டையாக இருந்தால், அடுத்த முறை வெப்பநிலையை 25, 26 என்று இறக்கிப் பாருங்கள்.

அறிகுறி: காலையில் எல்லா மீனும் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன

செடிக்காக கார்பன் டை ஆக்சைடு விடுகிறீர்களா? அப்படியானால் முதலில் அதை நிறுத்துங்கள், ஏர் பம்ப்பைப் போடுங்கள், பிறகு காரணம் தேடுங்கள். இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விளக்கு அணைந்த பிறகும் வாயு ஓடிக்கொண்டிருந்தால் விடியும்போது மீன் திணறும். விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பே வாயு நிற்கும்படி டைமர் வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் என்றால் 28 டிகிரியில் 7.8 தான். எனவே நீல ராமுக்காகச் சூட்டை ஏற்றிய தொட்டியில் நீர்ப்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டிருக்க வேண்டும்.

எல்லா மீனும் இல்லாமல் ஒரே ஒரு மீன் மட்டும் வேகமாகச் செவுளை அசைத்தால், அதுவும் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மணலில் உரசினால், செவுள் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். அதற்கான மருந்து பிராசிகுவாண்டெல் செடியைப் பாதிக்காது. செம்பு கலந்த மருந்துகளைச் செடித் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

அறிகுறி: வெள்ளை நூல்போல மலம், உள்வாங்கிய வயிறு

ஒரு நாள் வெள்ளை நூலைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். பட்டினி கிடக்கும் மீனின் குடலிலிருந்தும் வெறும் சளி அப்படித்தான் வரும். துரத்தப்பட்டு உணவு கிடைக்காத மீனுக்கு மருந்து கொடுத்தால் பட்டினியோடு மருந்தும் சேர்ந்து அதைப் படுத்தும். மேலே சொன்ன குழாய்ச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். உணவை வாங்கி வாங்கித் துப்புகிறது, பல நாளாக வெள்ளை நூல் தொங்குகிறது, தலை கறுக்கிறது என்றால் குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற ஒட்டுயிரிகள் இருக்கலாம். மீன் இன்னும் சாப்பிடும்போதே மெட்ரோனிடசோலை உணவில் கலந்து கொடுப்பதுதான் பலன் தரும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் தனித்தொட்டித் தண்ணீரில் கலப்பதைத் தவிர வழியில்லை.

மீனின் ஆசனவாயிலிருந்து சிவப்பாக ஊசி நுனிபோல் ஏதாவது எட்டிப் பார்த்தால் அது கமலானஸ் புழு. ஒரு மீனிடம் இருந்தால் எல்லா மீனிடமும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொட்டி முழுவதற்கும் லெவாமிசோல் போட வேண்டும். நத்தையும் இறாலும் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மருந்து புழுவை மரத்துப்போக வைத்து வெளியேற்றும், ஆகவே மறுநாள் தரையை நன்றாக உறிஞ்சி எடுத்துத் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள்.

ஒரு முறை ஒரு கடையில் நிறத்தில் மயங்கி ஒரு ஜோடி நீல ராம் வாங்கினேன். வாங்கிய அன்றே அபிஸ்டோ தொட்டியில் விட்டேன். மூன்றே வாரத்தில் ராமும் போயிற்று, நான் குஞ்சிலிருந்து வளர்த்த அகாசிஸி ஆணும் போயிற்று. அந்த ஆண் தினமும் என் விரலைத் தேடி வரும். அன்றிலிருந்து எந்த மீனும் நாலு வாரம் தனித்தொட்டியில் இருக்காமல் உள்ளே போவதில்லை.

மெலிந்துகொண்டே போய், முதுகெலும்பு வளைந்து, எந்த மருந்துக்கும் அசையாத மீன் என்றால் மீன்காசநோயாக இருக்கக்கூடும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது அந்தத் தொட்டிக்குள் கை விடாதீர்கள், அந்தக் கிருமி மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும்.

அறிகுறி: இரவோடு இரவாக முட்டை காணாமல் போகிறது

முதல் இரண்டு மூன்று முறை பெற்றோரே தின்றுவிடும், பழகட்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் இரவில் நடமாடும் ஓட்டோசின்க்ளஸ் என்ற பாசி தின்னும் சிறு கெளுத்தியையோ நத்தையையோ சந்தேகியுங்கள். முட்டை மறையாமல் வெண்மையாகிப் பூஞ்சை பிடித்தால் தண்ணீர் அதிகக் கடினமாக இருக்கலாம். விளக்கு சட்டென்று அணைந்தால் குஞ்சுகளைக் குகைக்குள் சேர்க்கத் தாய்க்கு நேரம் கிடைக்காது, ஆகவே அரைமணி நேரம் மங்கலான வெளிச்சம் கொடுங்கள்.

எல்லாம் செய்தும் ஓயவில்லை என்றால்

வேலி நட்டாயிற்று, குகை கூட்டியாயிற்று, வெப்பநிலையும் பொருத்தம். ஆனாலும் மூன்று வாரமாக அதே மீன் அதே மூலையில் நிற்கிறது. அப்போது ஒரு வகையை வெளியே எடுக்கத்தான் வேண்டும். எந்த வகை என்று கேட்டால், அடிபடும் வகையைத்தான் சொல்வேன். அடிக்கும் மீனை எடுத்தால் அந்த இடத்துக்கு அடுத்த மீன் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அடிபட்ட வகைக்கு 60 செ.மீ. தொட்டி ஒன்று, சருகு கொஞ்சம், இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து வைத்தால் புதுத்தண்ணீரில் அம்மோனியா ஏறாது. முதல் வாரம் தினமும் சோதித்துப் பாருங்கள். மீன் எந்த நாளில் மூலையை விட்டுத் தரைக்கு இறங்கி மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே விடுகிறதோ, அன்றைக்கு, அதுவரை குறைத்துக் கொடுத்த உணவின் அளவை வழக்கத்துக்குக் கொண்டுவரலாம்.